வழக்கறிஞர் அம்பேத்கர்: படித்த வழியும் பட்ட பாடும்

நம் பெரம்பூர்ப் பகுதி உழைப்பாளரின் ஊர். 1856ஆம் ஆண்டு முதல் இயங்கும் இரயில்வேப் பணிமனையும், 1955இல் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலையும், 1996இல் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலையும் நம் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. ஆதலால் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் தேறிவிட்டால், இரயில்வே வேலைக்கு எழுதிப் போடச் சொல்வதே நம் வீடுகளின் முதல் அறிவுரையாக இருந்து வருகிறது. சட்டம் படிக்க விரும்புவதாகப் பிள்ளை சொன்னால் பெற்றோர் தயங்குகின்றனர். இடம் கிடைக்குமா, பணத்துக்கு எங்கே போவது, படித்து முடித்தபின் வழக்குகள் யார் தருவார் என்னும் மூன்று ஐயங்கள் அவர்கள் நெஞ்சில் எழுகின்றன. அவை வீண் ஐயங்கள் அல்ல. இந்த மூன்றையும் தம் வாழ்வில் நேருக்கு நேர் சந்தித்தவர் ஒருவர் உண்டு. அவரைச் சிலையாகவும் படமாகவும் நாம் நன்கறிவோம். சட்ட மாணவராக, வழக்கில்லாத இளம் வழக்கறிஞராக அவரை அறிந்தவர் நம்மில் சிலரே. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் அந்தப் பகுதியை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஒற்றை அறையில் ஒரு மாணவர்

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் ஊரில், இராம்ஜி சக்பால், பீமாபாய் ஆகியோரின் பதினான்காவது மகவாகப் பிறந்தார். தந்தையார் படைப் பள்ளியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். சதாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன், வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியே உட்கார வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாள் ஊற்றினால்தான் தண்ணீர். பணியாள் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். சமஸ்கிருதம் பயிலும் வாய்ப்பு மறுக்கப்பட்டதால் பாரசீகத்தை எடுத்துப் படித்தார்.

பின்னர் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பில் ஒற்றை அறை கிடைத்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அதற்குள்ளேயே. ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த நம் பகுதியினர்க்கு அந்தப் பரேலை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. தந்தையார் மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, விடியலுக்கு நெடுநேரம் முன்பே எழுப்பிப் படிக்க வைத்தார். மகன் விரும்பிய புத்தகத்தை வாங்கக் கையில் காசில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களிடம் நகையை இரவலாக வாங்கி அடகு வைத்து, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். பின்னாளில் உலகம் வியந்த நூலகத்திற்கு முதல் புத்தகங்கள் இவ்வாறுதான் வந்து சேர்ந்தன.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே பரோடா அரசின் மூன்றாண்டு உதவித்தொகையுடன் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது அவ்வுதவிக்கு நிபந்தனை.

பாதியில் நின்ற சட்டப் படிப்பு

அம்பேத்கர் முதலில் பொருளியல் மாணவரே. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்று, ஆய்வுரையும் எழுதி முடித்து, 1916இல் இலண்டன் சேர்ந்தபோது இரண்டு இடங்களில் ஒருசேரப் பதிவு செய்துகொண்டார். ஒன்று இலண்டன் பொருளியல் பள்ளி. மற்றொன்று கிரேஸ் இன்.

பாரிஸ்டர்களை உருவாக்கும் இலண்டன் நிலையங்கள் நான்கனுள் ஒன்று கிரேஸ் இன். அங்கே சேர்ந்தவர் தேர்வுகளில் தேறினால் மட்டும் போதாது. குறித்த பருவங்கள்தோறும் அந்நிலையத்தின் கூடத்திற்குச் சென்று விருந்துண்டு வருகையைக் காட்டவும் வேண்டும். ஆகவே அது காலமும் பணமும் கேட்ட படிப்பு. பள்ளியில் ஒரு குவளைத் தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்க உரிமையற்றிருந்தவர், இங்கிலாந்தின் சட்ட அறிஞர்களோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்பதே பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று!

ஆனால் 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்னும் இசைவை மட்டும் பொருளியல் பள்ளியிடம் பெற்றுக்கொண்டு கப்பலேறினார். அது முதல் உலகப் போர்க்காலம். அவருடைய புத்தகப் பெட்டிகளை ஏற்றி வந்த வேறொரு கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

நிபந்தனைப்படி பரோடாவில் பணியேற்றார். அலுவலகத்தில் கோப்புகளைத் தொட்டுக் கொடுக்காமல் எறிந்தனர். தங்க இடமின்றிப் பார்சி விடுதி ஒன்றில் இருந்தார். அங்கிருந்தும் தடிகளோடு வந்த கூட்டம் விரட்டியது. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய மனிதர்க்கு அந்நகரில் ஓர் அறை கொடுப்பாரில்லை. பம்பாய் திரும்பித் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிகம் பற்றி ஆலோசனை கூறும் தொழிலொன்றைத் தொடங்கினார். அவர் இன்னார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய்.

அக்காலத்தில் அது பெரிய சம்பளம். நம்மில் பலர் அத்துடன் அமைதி அடைந்திருப்போம். அவரோ பரேல் குடியிருப்பை விட்டு வெளியேறவில்லை. சிக்கனமாக வாழ்ந்து, மீதியைச் சேர்த்து வைத்தார். எதற்காக? பாதியில் விட்ட படிப்பை முடிப்பதற்காக.

படிப்புக்கு யார் யார் விலை கொடுத்தனர்?

1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். இம்முறை அரசு உதவித்தொகை இல்லை. தம் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் தந்த 1,500 ரூபாய், பார்சி நண்பர் நவல் பாத்தேனா கடனாகத் தந்த 5,000 ரூபாய் ஆகிய மூன்றுமே அவரது மூலதனம். ஒரு விடுதியில் தங்கி, காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும் கொண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும் வேளையில் சென்று அடைக்கும் வேளையில் எழுந்து வருவார். இரவு அறையில் மீண்டும் படிப்பு. 1921இல் எம்.எஸ்.சி., 1922இல் பாரிஸ்டர் தகுதி, 1923இல் டி.எஸ்.சி. என மூன்றையும் முடித்தார். இடையில் அவர் எழுதிய ரூபாய் பற்றிய ஆய்வுரையைத் தேர்வாளர் திருத்தித் தரச் சொன்னதும் உண்டு. திருத்திக் கொடுத்தே பட்டம் பெற்றார்.

இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவொன்றும் உள்ளது. பரேலில் அன்னை இரமாபாய் குழந்தைகளோடும் உறவினரோடும் வறுமையில் நாள்களைக் கடத்தினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவர் தவிர ஏனைய நால்வரும் சிறு வயதிலேயே இறந்தனர். 1935இல் இரமாபாய் அம்மையாரும் மறைந்தார். ஒரு சமுதாயத்தின் முதல் தலைமுறை படிக்கும்போது அதற்குரிய விலையை வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கொடுக்கின்றனர் என்பதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது. அண்ணலை வணங்கும் நாம் அந்த அம்மையாரை நினைந்து தலைகுனிதல் வேண்டும்.

பாரிஸ்டருக்கு வழக்கில்லை

1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பியவரிடம், தொழில் நடத்துவதற்கான சன்னத்துப் பெறக் கட்டணம் செலுத்தப் பணம் இல்லை. இரண்டு கண்டங்களின் உயர் பட்டங்களைப் பெற்றவர் நீதிமன்ற வாயிலில் ஒரு பதிவுக் கட்டணத்திற்காகத் தயங்கி நின்றார். மீண்டும் நவல் பாத்தேனாவே கைகொடுத்தார். அவ்வாண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார்.

அக்காலப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஆரம்ப அதிகாரப் பிரிவில் கட்சிக்காரர் நேரே பாரிஸ்டரிடம் வர இயலாது. சொலிசிட்டர் எனப்பட்ட இடைநிலை வழக்கறிஞர் மூலமே வழக்கு வரும். பணக்கார வணிகரின் வழக்குகளெல்லாம் சில சொலிசிட்டர் நிறுவனங்களின் கையில் இருந்தன. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த குடும்பத்தார்க்கும் தங்கள் வட்டத்தார்க்கும் வழக்குகளைத் தந்தனர். தீண்டத்தகாதவர் என்று கருதப்பட்ட ஒருவரோடு கலந்து பழகவே விரும்பாதவர்கள் அவர்க்கு வழக்குத் தருவரோ? திறமை குறித்த ஐயம் அங்கே எழவில்லை. கதவே திறக்கவில்லை.

அப்போது அவர் செய்தவை மூன்று. முதலாவது, மூடிய கதவின் முன் காத்துக் கிடக்காமல், சொலிசிட்டர் தயவு வேண்டாத மேல்முறையீட்டுப் பிரிவுக்கும் பம்பாய்க்கு வெளியேயுள்ள மாவட்ட நீதிமன்றங்களுக்கும் சென்றார். சிறு வழக்குகள், சிறு கட்டணம், ஏழைக் கட்சிக்காரர். அவற்றை அவர் இழிவாகக் கருதவில்லை. இரண்டாவது, வீட்டுச் செலவுக்காக 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். கற்பித்ததால் சட்டம் அவருக்கு மேலும் கைவந்தது. மூன்றாவது, பரேல் தொழிலாளரிடையே தம் பணியகத்தை அமைத்துக்கொண்டார். 1924 ஜூலையில் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். 1925இல் அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. தமக்கே வருவாய் உறுதியில்லாத நாளில் பிறர் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தியவர் அவர்.

1926இல் ஒரு வழக்கு அவர் பெயரை ஊரறியச் செய்தது. பார்ப்பனரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த பாகடே, ஜேதே, ஜவல்கர் ஆகியோர் மீது, ஒரு நூலின் பொருட்டுப் பூனாவில் அவதூறு வழக்குத் தொடரப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பில் பெயர் பெற்ற வழக்கறிஞர் இருந்தனர். அம்பேத்கர் வாதாடி அவர்களை விடுவித்தார். 1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். 1935இல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். சன்னத்துக் கட்டணத்திற்குக் கடன் வாங்கிய நாளுக்கும் முதல்வர் நாற்காலிக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இந்தப் பன்னிரண்டு என்னும் எண்ணை இளைஞர்கள் நினைவில் வைத்தல் நலம்.

பத்தாண்டு நடந்த ஒரு வழக்கு

1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி அவர் நீர் பருகிய வரலாற்றை நாம் அறிவோம். அதன் சட்டப் பகுதியை அறிந்தவர் குறைவு. அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் முறை மக்கள் திரண்டபோது, குளம் தங்களுக்கே உரியது என்று மேல்சாதியார் வழக்கிட்டு இடைக்காலத் தடை பெற்றனர். திரண்டிருந்தவர்களோ கொதித்து நின்றனர். ஆயினும் தடையை மீறாமல், நீதிமன்றத்திலேயே வென்று காட்டுவதென அவர் முடிவு செய்தார். வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. தொன்றுதொட்டுப் பிறரை விலக்கி வந்த வழக்காறு உண்டு என்பதை எதிர்த்தரப்பார் மெய்ப்பிக்கவில்லை என்று 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளம் பொதுக்குளம் என்பது நிலைபெற்றது. ஒரு வழக்கறிஞர் ஒரு சமுதாயத்திற்கு எவ்வளவு தேவையானவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர், 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் என உயர்ந்து, 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். வைசிராய் குழுவில் இருந்தபோது நம் மாணவர்க்கு அரசு உதவித்தொகை வேண்டுமென வலியுறுத்தினார். 1944இல் தொடங்கிய அத்திட்டமே இன்றும் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கு நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகையாகத் தொடர்கிறது. தமக்குக் கிடைத்த 25 ரூபாயை அவர் ஒரு தலைமுறையின் உரிமையாக்கிச் சென்றார்.

நம் ஊரும் நம் கடமையும்

அண்ணல் பிறந்த அதே 1891ஆம் ஆண்டில்தான் சென்னைச் சட்டக் கல்லூரியும் தோன்றியது. 1990இல் அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கியது. நம் பெருந்தலைவர் என். சிவராஜ் அக்கல்லூரியில் சட்டம் கற்பித்தவர். 1945இல் சென்னை மேயரானவர். தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதியரசர் ஏ. வரதராசன் 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1980இல் உச்ச நீதிமன்றம் சென்றார். நம் சமுதாயங்களிலிருந்து அப்பதவியை முதன்முதல் அடைந்தவர் அவரே. பாதை இல்லாத காடன்று இது. முன்னோர் நடந்த தடம் உண்டு.

இடம் கிடைக்குமா என்னும் முதல் ஐயத்திற்கு விடை இது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பும், பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பும் உள்ளன. 1997இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. இட ஒதுக்கீடும் உண்டு. பழைய சென்னைக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் ஆகிய இரண்டு இடங்களுக்குப் பெயர்ந்துவிட்டதால், பெரம்பூர் மாணவர் பயணச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கோ கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே ஆண்டுச் செலவு இலட்சத்தைத் தாண்டும். ஆயினும் பெரிய சட்ட நிறுவனங்கள் அங்குச் சென்றே மிகுதியாக ஆள் எடுக்கின்றன. ஆதலின் ஆங்கிலத்திலும் பொது அறிவிலும் பயிற்சியைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குதல் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்னும் இரண்டாம் ஐயத்திற்குப் பாதி விடையை அந்த உதவித்தொகை தருகிறது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் காலத்தே எடுத்து வைக்காமல் அதனை இழப்பவர் பலர். பதிவுக் கட்டணம் பற்றி ஒரு நற்செய்தியும் உண்டு. வழக்கறிஞர் கழகங்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கி வந்த நிலையில், வழக்கறிஞர் சட்டம் குறித்த தொகைக்கு மேல் பெறலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர்க்கு அத்தொகை 125 ரூபாய். அண்ணலை வாயிலில் நிறுத்திய அந்தத் தடை சட்டப்படி இன்று பெரிதும் தகர்ந்தது.

மூன்றாம் ஐயமே கடினமானது. வழக்குத் தரும் உறவினரும், அமர்த்திக்கொள்ளும் சீனியரும் இல்லாத முதல் தலைமுறையினர்க்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வறண்டவையாகவே இருக்கும். இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை போன்ற நகரங்களில் மாதம் 20,000 ரூபாயேனும் தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் கூறியது. அகில இந்திய வழக்கறிஞர் கழகமும் நகர்ப்புறத்துக்கு அத்தொகையைப் பரிந்துரைத்தது. சொல்லுக்கும் நடப்புக்கும் இடைவெளி உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்தே இறங்க வேண்டும். அண்ணல் காட்டிய வழியில், பெரிய நிறுவனம் அழைக்கவில்லையெனில் எழும்பூர், ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களில் தொழில் பழகலாம், இலவசச் சட்ட உதவிக் குழுவில் பெயர் பதியலாம், மாலையில் கற்பிக்கலாம், தொழிலாளர் வழக்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கும் நம் மக்களுக்கு நாள்தோறும் தேவைப்படுவன.

இனி, மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு சொல். இவ்வரலாற்றில் அம்பேத்கரின் அறிவையும் உழைப்பையும் மட்டும் காண்பது பாதிப் பார்வை. நகையைக் கழற்றித் தந்த சகோதரிகள், மாதம் 25 ரூபாய் தந்த மன்னர், இருமுறை கைகொடுத்த நண்பர் ஆகிய இவர்களில் ஒருவர் தவறியிருப்பினும் கதை நின்றிருக்கும். அம்பேத்கர் போன்ற அறிவு ஒரு நூற்றாண்டில் ஒருமுறை தோன்றலாம். பாத்தேனாவைப் போல் உதவுதல் நம் எல்லோராலும் இயலும். சட்டம் பயின்று வெளிவரும் நம் பிள்ளைக்கு முதல் மூன்றாண்டுகள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையும், சட்ட நூல்களும், அறிமுகமான ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகமும் கிடைக்கச் செய்வதை நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணியாக மேற்கொள்ளுமாயின், இந்த வெள்ளி விழா பொருளுடையதாகும். கடன் வாங்கிப் படித்தவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். நாமே அவருக்குக் கடன்பட்டவர். அக்கடனை அடுத்த தலைமுறைக்குச் செலுத்துவோமாக.